இரட்டைக் கோடு

ஆஸ்பத்திரியில் "சொந்தத்துல முடிச்சதா, அசலா?" என்று கேட்டால் "அசல்", சொந்தமில்லை என்று சொல்லிவிட வேண்டும். நானும் என் வீட்டுக்காரியும் இப்படிப் பேசி வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

அவள் என் அக்கா மகள். எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது தாய்மாமன் உரிமை. கட்டாமல் விட்டால்தான் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். அக்காவே பிரியப்பட்டுக் கொடுத்தாள். எங்கள் குலதெய்வம் கீழ்புத்துப்பட்டு ஐயனார் சந்நிதியில் தாலி கட்டினேன். கல்யாணத்துக்கு முன்பு என்னை மாமா என்று கூப்பிட்டவள் பிறகும் மாமா என்றே கூப்பிட்டாள். அவளுக்குக் கூப்பிடுகிற முறை மாறவில்லை, வீடுதான் மாறியது.

எங்கள் முதல் பிள்ளை ஒன்பது நாள்தான் இருந்தது. பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுக்கும்போது அங்கிருந்த டாக்டர் ஒருவர், சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் ஆகும், எத்தனை தரம் சொன்னாலும் உங்கள் ஜனங்களுக்கு மண்டையில் ஏறாது என்று வார்டே கேட்கும்படி திட்டினார். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது வேண்டாம். அன்றைக்கு அவர் எத்தனை சாவு பார்த்தாரோ. இவள் அங்கே அழவில்லை. பஸ் ஏறி மரக்காணம் வந்து இறங்கும்வரை ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தபடி அழுதாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தோம். அடுத்து மகள் பிறந்தபோது வேறு ஆஸ்பத்திரி. அங்கே கேட்டார்கள், "அசல்" என்றோம். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். பொய் பலித்துவிட்டது என்றுகூட நினைத்தேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். ஐயனார் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்களுக்கு உப்பள வேலை. கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நானும் அவளுமாகப் பார்க்கிறோம். போன வருஷம் மாசி மாதம், உப்பு வார ஆரம்பித்த சமயம், அவளுக்குக் கை அக்குளில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தலையில் கூடை வைத்துத் தூக்குகிறவர்களுக்கு அந்த இடத்தில் நெறி கட்டுவது சகஜம்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிவிட்டு அந்த எண்ணெயைத் தொட்டுத் தடவிக்கொண்டாள். சித்திரை போய் வைகாசி வந்தது. கட்டி போகவில்லை, மார்பிலும் ஒன்று இருந்தது. அதை அவள் என்னிடம் சொல்லாமலே வைத்திருந்தாள். பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேன்சர் என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. அதையெல்லாம் விரித்து எழுத எனக்குத் தெம்பு இல்லை. அவள் பிழைத்துக்கொண்டாள். எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

மருந்து ஏற்றுகிற காலத்திலேயே ஒருநாள் ஒரு லேடி டாக்டர் எங்களைத் தனியாக உட்கார வைத்தார். நாற்பத்தொரு வயசில் வந்திருப்பதால் இது பரம்பரையாக வருகிற வகையா என்று பார்க்க வேண்டும், ரத்தம் எடுத்து ஜீனைச் சோதிக்க வேண்டும் என்றார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வட்டமும் சதுரமுமாகப் போட ஆரம்பித்தார். வட்டம் பெண், சதுரம் ஆண். இவளுக்கு ஒரு வட்டம், எனக்கு ஒரு சதுரம், நடுவில் ஒரு கோடு.

"சொந்தமா, அசலா?"

"அசல்" என்றோம், இரண்டு பேரும் ஒரே வாயாக.

இவள் அம்மா, அதாவது என் அக்கா, உயிரோடு இல்லை. எப்படி இறந்தார் என்று டாக்டர் கேட்டார். வயிற்றில் கட்டி, நாற்பத்தெட்டு வயசு என்று இவள் சொன்னாள். டாக்டர் அந்த வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினார். அம்மாவுடைய அம்மா எப்படி இறந்தார் என்று அடுத்து கேட்டார். இவளுடைய அம்மாவின் அம்மா என்றால் என் அம்மா. நான் ஒன்பதாவது படிக்கும்போது போனவள். பிள்ளைத்தாச்சி மாதிரி வயிறு உப்பி, கையும் காலும் குச்சியாகி, ஆறு மாதம் படுத்துப் போனாள். மகோதரம் என்று ஊரில் சொன்னார்கள். அதோடு என் படிப்பும் நின்றது. அப்போது இவளுக்கு ஐந்து வயசு, விவரமாகச் சொல்ல நான்தான் வேண்டும். வாயைத் திறந்தால் "எங்கம்மா" என்றுதான் வரும். நாக்கு அப்படித்தான் பழகியிருக்கிறது. அதனால் இவளுக்கு முந்திக்கொண்டு நான் பதில் சொன்னேன்: "வயசாகிப் போய்ட்டாங்க." டாக்டர் அந்த வட்டத்தை நிரப்பாமல் விட்டார்.

ஐப்பசியில் ரிசல்ட் வந்தது. ஜீனில் பழுது இருக்கிறது என்றார். இவள் பயந்து என் கையைப் பிடித்தாள். டாக்டர் அவசரப்படாமல் விளக்கினார். அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஜீனுங்க இருக்குதும்மா. சில ஜீன் வளருன்னு சொல்லும். சிலது போதும், நில்லுன்னு சொல்லும். இன்னும் சிலது, செல் ரெண்டாப் பிரியும்போது தப்பு வந்தா அதத் திருத்தும். எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கும். ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. உங்களுக்குத் திருத்துற ஜீன்ல ஒண்ணு பொறக்கும்போதே பழுது. இன்னொண்ணு நல்லா இருந்துச்சு. அது ஒண்டியா இத்தன வருஷம் வேல பாத்துச்சு. மார்ல எங்கயோ ஒரே ஒரு செல்லுல அதுவும் கெட்டுப் போச்சு. அங்க திருத்த ஆளில்ல. தப்பு மேல தப்பு சேந்துது. நில்லுன்னு சொல்றது வாயடைச்சுப் போச்சு, வளருன்னு சொல்றது நிறுத்தாம சொல்லிட்டே இருக்குது. அதான் கட்டி."

"உப்பு தூக்கினதால வரலீங்களா?" என்றாள் இவள்.

"இல்லம்மா. நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல."

இவள் இன்னொன்று கேட்க வாயெடுத்தாள். என்னைப் பார்த்தாள். கேட்காமல் மூடிக்கொண்டாள். என்ன கேட்க வந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் தொடர்ந்தார். உங்கள் அம்மாவுக்கும் இருந்திருப்பதால் இது அநேகமாக அம்மா வழியாக வந்திருக்கிறது, அப்படியென்றால் அம்மாவின் கூடப் பிறந்தவர்களுக்கும் பாதிக்குப் பாதி இருக்க வாய்ப்பு உண்டு என்றார். பெண்ணாக இருந்தால் சினைப்பையில்தான் பயம். அங்கே வந்தால் முற்றிய பிறகுதான் தெரியும். முன்கூட்டியே தெரிந்தால் எடுத்துவிட்டுத் தப்பிக்கலாம்.

"உங்க அம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

இவள் திரும்பி என்னையே பார்த்தாள். அவளுடைய அம்மாவுக்குக் கூடப் பிறந்தவன் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இன்னொருத்தி கிளியனூரில் இருந்தாள், என் தங்கச்சி. ஆமாம் என்று சொன்னால் தங்கச்சியை அழைத்து வரச் சொல்வார்கள். வந்தால் அவள் வாயில் முதல் வார்த்தையே அண்ணன் என்றுதான் வரும். எல்லாம் வெளியாகும். மறுபடியும் ஒரு வார்டு கேட்க இவள் திட்டு வாங்குவாள், இந்தத் தடவை தலையில் முடிகூட இல்லாமல். இதெல்லாம் யோசித்துச் சொன்னேனா என்று கேட்டால் சத்தியமாக இல்லை. வாய் சொல்லிவிட்டது.

"இல்லீங்க."

பஸ் பெரிய முதலியார்சாவடியைத் தாண்டியது. அவள் முன் சீட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:

"எங்கம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லன்னா, நீ யாரு மாமா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சித்தி யாரு? ரோட்டுல போறவளா?"

அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. சித்தி என்பது பேருக்குத்தான். இரண்டு பேருக்கும் ஒரு வயசுதான் வித்தியாசம். எங்கள் அம்மா போனபோது தங்கச்சிக்கு ஆறு வயசு. அக்காதான் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், தன் மகளோடு மகளாக வளர்த்தாள். ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரே பாயில் படுத்த இரண்டு பேர். தங்கச்சியிடம் நானே சொல்கிறேன், கொஞ்சம் பொறு என்றேன். என்றைக்குச் சொல்வாய் என்றாள். தங்கச்சி மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, அது ஒரு நிலைக்கு வரட்டும் என்றேன். அவள் மருந்தின் அசதியில் அப்படியே தூங்கிப்போனாள்.

அந்த வருஷம் மழை தள்ளிப் போனதால் சில பாத்திகளில் ஐப்பசியிலும் தண்ணீர் வைத்திருந்தோம். எங்கள் வேலையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மோட்டார் போட்டு உப்புத் தண்ணீர் இறைத்து முதல் பாத்தியில் விடுவோம். வெயிலில் காய்ந்து காய்ந்து, பாத்தி மாற மாற அது கெட்டித் தண்ணீராகி, கடைசிப் பாத்தியில் உப்பாக உறையும். தண்ணீரைக் காவல் காப்பது வரப்புதான். ரிசல்ட் வாங்கி வந்த ஒரு வாரத்தில், காலையில் போய்ப் பார்த்தால் ஒரு வரப்பு சரிந்து, பல நாள் காய வைத்த கெட்டித் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. சரிந்த இடத்தை மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தேன். வெளிப்பக்கம் ஒரு பழைய நண்டு வளை, உள்ளே பாசி பிடித்திருந்தது. எத்தனை வருஷமாக இருந்ததோ. அதோடே அந்த வரப்பு நன்றாகத்தான் நின்றிருந்தது, மறுபக்கம் மண் கெட்டியாக இருந்ததால். இந்த வாரம் உள்பக்கத்திலிருந்து இன்னொரு நண்டு தோண்டியிருக்கிறது. இரண்டு வளையும் ஒன்றை ஒன்று தொட்ட இடத்தில் வரப்பு விட்டுக்கொடுத்துவிட்டது.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றேன். டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாக ஏறியது. பிறக்கும்போதே ஒரு பக்கம் வளையோடு வந்த வரப்பு அவள். அவள் அம்மாவும் அப்படி. எங்கள் அம்மாவும் அப்படி. வெளியே பார்த்தால் எல்லா வரப்பும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பக்கத்துப் பாத்திக்காரர் வந்து பார்த்தார். அவர் பல வருஷம் புகையிலையை அடக்கி அடக்கி, தாடையில் கேன்சர் வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர். பேச்சு கொஞ்சம் குழறும், கிண்டல் மட்டும் குழறாது. வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரம்பரை என்கிறார்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"எனக்கு எங்கப்பன் எதுவும் குடுக்கலப்பா. இது ஒண்ணுதான் நானே சம்பாதிச்சது."

பிறகு அவரே சொன்னார். அவருக்குப் பிறவியில் எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். புகையிலை பட்டுப் பட்டு வாயில் இருந்த செல்லில் இரண்டும் கெட்டது, இப்படிக் கெடுவதுதான் ஜாஸ்தி, பரம்பரையாக வருவது கொஞ்சம் பேருக்குத்தான் என்று அவருடைய டாக்டர் சொன்னாராம். "உனக்கு முன்கூட்டியே தெரியுது இல்ல, அது ஒரு வகைல நல்லதுதான். எனக்குச் சொல்ல ஆளில்ல. சொன்னாங்க, நான் கேக்கல, அது வேற" என்றார். மண் வெட்டிப் போட்டு அடைக்க ஒரு கை கொடுத்தார். அவர் போன பிறகும் அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. எனக்கு முன்கூட்டியே தெரிந்துதான் இருந்தது. தெரிய வேண்டியவளுக்குத்தான் தெரியவில்லை.

அப்படியும் நான் கிளியனூருக்குப் போகவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று மூன்று வாரம் ஓட்டினேன்.

தங்கச்சியே வந்தாள். இவளைப் பார்க்க முருங்கைக்கீரையும் ஒரு பை கேழ்வரகு மாவும் கொண்டு வந்தாள். வாசலிலேயே இவள் தலையைத் தடவிப் பார்த்து, "எப்படியும் மொட்டதான்னு ஆகிப்போச்சு, ஐயனாருக்கு முடி எறக்கறேன்னு வேண்டியிருந்தா புண்ணியமாச்சும் சேந்திருக்கும்" என்றாள். இவள் பல வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். இரண்டு பேரும் கீரை ஆய்ந்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். தை மாதத்தில் மகளுக்குக் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது, பத்திரிகை அடிக்க வேண்டும், புடவை எடுக்க வேண்டும் என்று தங்கச்சி சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் ஒருதரம் எழுந்து, பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டினாள்.

"கொஞ்ச நாளா இன்னா சாப்ட்டாலும் வயிறு உப்பிக்குது. கேஸ்" என்றாள்.

இவள் கையில் இருந்த கீரை கீழே விழுந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தாளே, அதே பார்வை.

தங்கச்சியை பஸ் ஏற்றிவிட ரோட்டுக்குக் கூடவே நடந்தேன். பஸ் நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. சொன்னேன். ரிசல்ட்டைச் சொன்னேன், அக்காவைச் சொன்னேன், டாக்டர் கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். பஸ் வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். அவள் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

"எனக்குக் கூடப் பொறந்த பொறப்பே இல்லன்னு சொல்லிட்டு வந்த. இல்லண்ணா?" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சோதனைக்கெல்லாம் வர முடியாது, கல்யாணம் முடியட்டும், பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என் மகளையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள் என்றாள். தை போய் மாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். நானும் இவள் கட்டியை வைகாசி வரைக்கும் தள்ளியவன்தானே. கடைசியாக ஒன்று கேட்டேன்.

"அம்மா வயிறு உனக்கு ஞாபகம் இருக்குதா?"

அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அது மேல தலய வெச்சிப் படுப்பேன். உள்ள தண்ணி சத்தம் கேக்கும். எனக்குத் தூக்கம் வர்றதுக்கு அம்மா அப்படிப் பண்ணுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அடுத்த பஸ் வந்தது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். "மொதல்ல நீ போய் உன் ரத்தத்தக் குடு. அங்க போய் நீ யாருன்னு சொல்லு. அப்புறம் நான் வர்றேன்" என்றாள்.

மறுநாள் விடியற்காலை கீழ்புத்துப்பட்டுக்குப் போனேன். ஐயனாரிடம் நான் இதுவரை கேட்டதெல்லாம் மழை, வெயில், பிள்ளை, படிப்பு. அன்றைக்கு, அந்தப் பழுது எங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்குத்தான் என்றால் அது எனக்கே இருக்கட்டும், தங்கச்சிக்கு வேண்டாம் என்று கேட்டேன். பொய் சொன்னவன் நான். நியாயமாகக் கேட்கிறேன் என்றுதான் நினைத்தேன். சாமியிடம் நியாயம் பேசப் போனது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

அதே வாரம், நான் கிளம்புவது தெரிந்து தங்கச்சியும் கூடவே வர, மூன்று பேரும் அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அம்மா, இவ என் சம்சாரம். எங்கக்கா மக. இது என் தங்கச்சி. அன்னிக்கு நான் சொன்னது பொய்யிங்க" என்றேன். எங்கள் அம்மாவின் வயிற்றையும் சொன்னேன். ஏன் மறைத்தோம் என்று கேட்டார். ஒன்பது நாள் பிள்ளையையும் அந்தத் திட்டையும் இவள்தான் சொன்னாள்.

டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அந்தப் பிள்ளை போன காரணத்தை அன்றைய ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் இல்லாமல் இன்றைக்குத் தன்னால் சொல்ல முடியாது, ஆனால் அப்படித் திட்டினது தப்பு என்று மட்டும் சொன்னார். பிறகு பழைய தாளைத் தள்ளி வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். எங்கள் அம்மாவுக்கு ஒரு வட்டம், கறுப்பு. அக்காவுக்கு ஒரு வட்டம், கறுப்பு. அதே வரிசையில் எனக்குச் சதுரம், தங்கச்சிக்கு வட்டம். அக்காவிலிருந்து கீழே இறங்கி இவளுக்கு வட்டம், கறுப்பு. அப்புறம் இவளிடமிருந்து மேலே என்னிடம் வரைக்கும் ஒரு கோடு போட்டு, அதை ஒட்டி இன்னொரு கோடும் போட்டார். எதற்கு இரண்டு என்றேன். ரத்த சம்பந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு போடுவது வழக்கம் என்றார். குற்றம் மாதிரி சொல்லவில்லை. நாங்கள் பாத்திக்கு வரப்பு போடுகிற மாதிரி, அவருக்கு அது ஒரு வேலை.

அப்போதுதான் இவள் கேட்டாள். ஒரு மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த கேள்வி.

"நான் மாமாவக் கட்டினதாலதான் எனக்கு வந்துச்சாங்க?"

"இல்லம்மா. நீங்க யாரக் கட்டியிருந்தாலும் இது உங்க கிட்ட இருந்திருக்கும். உங்க அம்மா கிட்ட இருந்து வந்தது, நீங்க பொறக்கும்போதே."

இவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தங்கச்சி அவள் முதுகில் கையை வைத்தாள். ஒரு மாதம், கேன்சரோடு இந்தப் பாரத்தையும் சேர்த்து அவள் சுமந்திருக்கிறாள். உப்புக் கூடையையாவது நான் ஒரு கை பிடித்து இறக்கி விடுவேன்.

டாக்டர் இன்னொன்றும் மறைக்காமல் சொன்னார். எனக்கும் அந்தப் பழுது இருந்தால், பிள்ளைக்கு இரண்டு பக்கமும் பழுதாக வர வாய்ப்பு உண்டு, அது வேறு விதமான கஷ்டம், அதனால் நானும் ரத்தம் கொடுப்பது நல்லது என்றார். ஊசி எனக்குத்தான் முதலில். தங்கச்சி நின்று பார்த்துவிட்டு, பிறகு தன் கையை நீட்டினாள். அன்றைக்கே அவளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி எதுவும் தெரியவில்லை. உப்பினது நிஜமாகவே கேஸ்தான். "கேஸ் புண்ணியத்துல ஆஸ்பத்திரி பாத்தாச்சு" என்றாள்.

ரிசல்ட் வர மார்கழி ஆகிவிட்டது. எனக்கு இல்லை. தங்கச்சிக்கு இருந்தது.

ஐயனார் என் வார்த்தையைக் கேட்கவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எதுக்கு அழுவற, உனக்குதான் ஒண்ணும் இல்லையே" என்றாள். அதற்கும் அழுதேன். அம்மா ஒரே கையால்தான் எங்களுக்குச் சோறு போட்டாள். எதைக் கொடுத்தோம் என்று அவளுக்கே தெரியாது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சாமியையும்தான்.

சினைப்பையையும் குழாயையும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். நாற்பத்திரண்டு வயசு, இனி பிள்ளை பெறப் போவதில்லை, தள்ளிப் போட வேண்டாம் என்றார். கல்யாணம் முடியட்டும் என்று தங்கச்சி மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவள் மகளே குறுக்கே வந்தாள். எல்லாவற்றையும் மாப்பிள்ளையிடம் போனில் தானே சொல்லிவிட்டாளாம். அவன் என்ன சொன்னான் என்று கேட்டோம். "சரின்னு சொன்னான்" என்றாள். வேறு ஒன்றும் இல்லையா என்றாள் தங்கச்சி. "ஆபரேஷன் அன்னிக்கு கார் எடுத்துட்டு வர்ட்டுமான்னு கேட்டான்." தங்கச்சி ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள்.

தைப்பொங்கல் முடிந்த வாரம் ஆபரேஷன் நடந்தது. கல்யாணத்தை மாசிக்குத் தள்ளினோம். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். கண்ணுக்கு எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்ததாம். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது ஒரு குழாயின் நுனியில், கடுகில் பாதிகூட இருக்காது, அந்த இடத்துச் செல்கள் மாற ஆரம்பித்திருந்தன. வெளியே எங்கும் பரவவில்லை. எடுத்ததோடு அதுவும் போயிற்று, பார்த்துக்கொண்டு வந்தால் போதும் என்றார் டாக்டர். ஸ்கேனில் அது தெரிந்திருக்காதாம். ஒரு வருஷம் விட்டிருந்தால் என்று அவர் தொடங்கினார். தங்கச்சி, வேண்டாங்க என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

எனக்கு அந்த அரைக் கடுகு தொண்டையில் நிற்கிறது. நான் "இல்லீங்க" என்று சொன்னபோது அது அங்கே இருந்திருக்கும். மூன்று வாரம் இன்றைக்கு நாளைக்கு என்று நான் தள்ளியபோதும் இருந்திருக்கும். மூன்று வாரம் மூன்று மாதமாகியிருக்கலாம், நான் என்னை அறிந்த மட்டில்.

டாக்டரிடம் கேட்டு இரண்டு தாளையும் வாங்கி வந்தேன். பூஜை அலமாரியில் ஐயனார் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். புதுத் தாளை என் மகள் தன் போனில் படம் பிடித்துக்கொண்டாள். அதில் அவளுக்கு ஒரு வட்டம் இருக்கிறது, நடுவில் கேள்விக்குறியோடு. இன்னும் கொஞ்ச வயசு போகட்டும், அவளாக வந்து கேட்கும்போது ரத்தம் எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை அவள் முடிவு செய்வாள். நான் செய்ய வேண்டியது, கேட்டால் நிஜத்தைச் சொல்வது மட்டும்.

கல்யாணம் முடிந்து தங்கச்சி ஒருநாள் வந்தாள். சாமி கும்பிடப் போனவள் அந்தத் தாள்களைப் பார்த்தாள். புதுத் தாளில் தன் வட்டத்தை விரலால் தொட்டாள். பாதி நிரப்பியிருந்தது, பழுது இருக்கிறது, நோய் இல்லை என்பதற்கு அப்படிப் போடுவார்களாம். பிறகு பழைய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நான் பொறக்கவே இல்லையா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

"இத ஏன் வெச்சிருக்க? கிழிச்சிப் போடு."

கிழிக்க மாட்டேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு இரண்டு தாளையும் ஒன்றாக மடித்து, இருந்த இடத்திலேயே வைத்து, சிந்திய திருநீற்றை அதன் மேலிருந்து விரலால் வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். உள்ளே இவள் கூப்பிட்டாள். முளைத்து வந்த முடிக்கு முதன்முதலாக எண்ணெய் வைக்க வேண்டுமாம், சித்தி கையால்.